அவிழ்த்துவிட்ட நாயும் எஜமானின் கடமையும்

திண்டுக்கல் ஜில்லா ஆத்தூர் தாலுகாவில், பழனி மலைத்தொடரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, குடகனாற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்து வாழும் ஊர் சித்தையன்கோட்டை. அறுவடை முடிந்து தாள் மாத்திரம் நிற்கும் வயல்வெளியில் மாலைப்பொழுதில் சிறிது நேரம் நிற்பவர்கள் நாயைப் பற்றிய இரண்டு காட்சிகளைக் காணக்கூடும். ஒரு புறத்தில் கிடை போட்டிருக்கும் கீதாரியின் நாய். அதன் கழுத்தில் கயிறில்லை, சங்கிலியில்லை. ஆடுகளைச் சுற்றி வருகிறது. கீதாரி ஒரு குரல் கொடுத்தால் காலடியில் வந்து படுத்துக்கொள்கிறது. மறுபுறத்தில் ஊருக்குள்ளிருந்து வந்த கனவான் ஒருவர், நல்ல விலை கொடுத்து வாங்கிய நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்கிறார். அவிழ்த்த மாத்திரத்தில் அது பறக்கிறது. அவர் அதன் பெயரைக் கூவிக்கொண்டு வரப்புக்கு வரப்புத் தாவி ஓடுகிறார். ஓட ஓட அதுவும் ஓடுகிறது. இருட்டிய பிறகு நாயின்றி வீடு திரும்புகிறார், "நன்றி கெட்ட நாய்!" என்று வைகிறார்.

இவ்விரண்டு நாய்களுக்கும் என்ன வித்தியாசம்? ஜாதியிலா, விலையிலா, தீனியிலா? இவற்றில் எதிலும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். வித்தியாசம் எஜமானிடத்தில் இருக்கிறது. கீதாரியின் நாய் குட்டிப் பருவம் முதல் அவனோடு நடந்து, அவனோடு உண்டு, அவன் குரலுக்கு வந்தால் நன்மையே உண்டு என்று ஆயிரம் முறை அறிந்தது. கனவானின் நாய்க்கோ சங்கிலியின் நீளமே உலகம். அது அறிந்தது சங்கிலியை, எஜமானை அன்று. சங்கிலி கழன்றபின் அதைப் பிடித்து நிறுத்த வேறொன்றும் மிஞ்சவில்லை.

தேச காரியங்கள் எத்தனையோ இருக்க, நாயை அவிழ்ப்பதும் கட்டுவதும் ஒரு பத்திரிகையின் தலையங்கப் பக்கத்துக்குரிய விஷயமா என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். மகாத்மா காந்தி அங்ஙனம் நினைக்கவில்லை. 1926-ஆம் வருஷத்தில் ஆமதாபாத்தில் மில் முதலாளி அம்பாலால் சாராபாய், தமது ஆலைப் பக்கத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்லச் செய்தபோது பெரிய வாதம் எழுந்தது. காந்தியடிகள் அதைப் பற்றி 'யங் இந்தியா'வில் ஒரு கட்டுரையல்ல, ஒரு தொடரே எழுதினார். வேறு வழியில்லாத நிலையில் கொன்றதை அவர் குற்றமாகக் கருதாதது அக்காலத்தில் பலருக்கு அதிர்ச்சியளித்தது. இன்றோ சட்டமே அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆனால் அவர் காட்டிய மூலகாரணம் இன்றைக்கும் பொருந்துவதாகும். எஜமானன் இன்றித் தெருவில் அலையும் நாய் ஒரு சமூகத்தின் கருணைக்கு அடையாளமன்று, அதன் அறியாமைக்கும் அசட்டைக்குமே அடையாளம் என்பது அவர் கருத்து. நாய் வேண்டுமென்பவன் அதை ஒழுங்காக வைத்துக் காப்பாற்றட்டும் என்றார். அக்கருத்தை மறந்ததன் பலனையே நாம் இன்று அனுபவித்து வருகிறோம்.

ஆபத்தின் அளவு

பலன் அற்பமானதன்று. 2024, 2025-ஆம் வருஷங்களில் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்து விவசாயிகள், பட்டிகளில் புகுந்த நாய்கள் தங்கள் ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டன என்று நஷ்டஈடு கேட்டுப் பலமுறை போராட நேர்ந்தது. மானாவாரிக் குடியானவனுக்கு ஆடே பாங்கி, ஆடே நகை. ஓர் இரவில் பட்டி அழிந்தால் அவன் மகளின் கல்யாணம் நிற்கிறது, மகனின் படிப்பு நிற்கிறது. டில்லித் தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அவற்றையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்குப் பின், அம்மாதம் 22-ஆம் தேதி அது மாற்றப்பட்டது: கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மாத்திரம் விடலாகாது. ஒரு நாயின் விஷயம் நாட்டின் தலைமை நியாயஸ்தலம்வரை போகிறது என்றால், அது தலையங்கப் பக்கத்துக்கு வருவதில் வியப்பென்ன?

தெருவில் அலையும் நாய்கள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவை அல்ல. வீட்டிலிருந்து ஓடிப்போனவை உண்டு. காலையில் அவிழ்த்துவிடப்பட்டு இரவில் சோற்றுக்கு மாத்திரம் வருபவை உண்டு. அவற்றின் குட்டிகளும் உண்டு. ஆகவே, அவிழ்த்த நாயைத் திரும்பி வரச்செய்யும் வித்தை ஒரு வீட்டின் சௌகரியத்தோடு முடிவதன்று. ஊரின் பந்தோபஸ்தும் அதில் அடங்கியிருக்கிறது.

நாய் ஏன் ஓடுகிறது?

முதற் காரணம் துரத்தும் இயல்பு. நமது நாட்டு நாய்களில் கன்னியும், விருதுநகர் ஜில்லாவின் ஊர்ப்பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மெல்லிய உடலும் நீண்ட காலும் ஆழ்ந்த மார்பும் அதற்காக அமைந்தவை. தூரத்தில் ஒரு முயல் அசைந்தால், அதன் பின் எஜமானின் குரல் அவற்றின் காதில் ஏறுவதில்லை. தேனி ஜில்லாக் கோம்பை நாயும் இராஜபாளையம் நாயும் காவலுக்கும் பேர்போனவை. எல்லைக்குள் அந்நியன் கால் வைத்தால் பாய்வது அவற்றின் இயல்பு. தன் நாய் எந்த வேலைக்குப் பிறந்தது என்று அறியாதவன் அதை அவிழ்ப்பது, மாட்டின் குணமறியாமல் ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது காரணம் இணைதேடல். பருவத்துக்கு வந்த பெண் நாயின் வாடையை ஆண் நாய் வெகுதூரத்திலிருந்தே உணர்ந்து செல்லும். இதற்குக் கண்டிப்பினால் பயனில்லை. மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்துகொள்வதே நேரான வழி. அதன்பின் பல நாய்களிடம் அலையும் வேட்கை குறைந்துவிடுகிறது.

மூன்றாவது அச்சம். தீபாவளி வெடியும் திருவிழா அதிர்வேட்டும் நமக்குக் கொண்டாட்டம்; கூர்ங்காதுள்ள பிராணிக்கோ அது பிரளயம். அத்தருணத்தில் மிரண்டு ஓடும் நாய் வழியைப் பார்த்து ஓடுவதில்லை.

நான்காவது, நாம் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது, சலிப்பு. இரவும் பகலும் ஒரே தூணில் கட்டுண்ட பிராணி அவிழ்ந்ததும் ஓடாமல் வேறென்ன செய்யும்? ஓடிவிடும் என்று கட்டுகிறோம், கட்டுவதனால் ஓடுகிறது, ஓடியதனால் இன்னும் குட்டையாகக் கட்டுகிறோம். இவ்விஷச் சக்கரத்தை அறுக்கவேண்டியவன் நாயல்ல, எஜமானனே. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு, நியாயத்துக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. அதோடு நில்லாமல், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் குற்றமென்றே சொல்லுகிறது. நாயைத் தினம் நடத்திச் செல்லாமல் இருப்பது சோம்பல் மாத்திரமன்று, சட்ட விரோதமும் ஆகும் என்பதை நமது கனவான்களில் எத்தனை பேர் அறிவர்?

பழக்கும் முறை

இனி வழி யாது? வழி எளியது, ஆனால் பொறுமை வேண்டும்.

குட்டிப் பருவமே தக்க காலம். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்கள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-இல் வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலத்திலேயே குட்டி யாரை உறவென்று கொள்வது என்பதைப் பெரிதும் கற்றுக்கொள்கிறது என்று விளக்கினார்கள். அக்காலத்தில் மனிதர் கைபடாத குட்டி பின்னர் மனிதரை எளிதில் நம்புவதில்லை. ஆதலால் குட்டி வீட்டுக்கு வந்த நாள்முதலே அதன் பெயரைச் சொல்லி அழைப்பதும், வந்ததும் ஒரு வாய் தின்பண்டம் கொடுப்பதும் தொடங்கவேண்டும். ருஷிய சாஸ்திரி பாவ்லோவ், ஓர் ஒலியைக் கேட்பித்து உடனே உணவு தந்துவந்தால், பின்னர் அவ்வொலி கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறுகிறது என்று நிரூபித்தார். "தோ, தோ" என்று நமது பாட்டிமார் சோற்றுக் கையோடு அழைத்ததும் அதே சாஸ்திரந்தான்.

அழைக்கும் சொல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வீட்டில் ஒருவர் "வா" என்றும், மற்றொருவர் "கம்" என்றும், பிள்ளைகள் சீழ்க்கையடித்தும் அழைத்தால் நாய் எதைக் கற்கும்? சொல்லை ஒருமுறை சொல்லிக் காத்திருக்கவேண்டும். பத்துமுறை கூவினால், ஒன்பது முறை கேளாதிருக்கலாம் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

வீட்டுக்குள் தவறாமல் வரக் கற்றபின் முற்றத்தில். பிறகு ஆள் நடமாட்டமில்லாத களத்தில். வெளியே சென்றதும் ஒரேயடியாக அவிழ்த்துவிடலாகாது. கிணற்றுத் தாம்புக் கயிறு போல் நீண்ட, ஆனால் இலேசான கயிறு ஒன்றை வாரில் முடிந்து தரையில் இழுபடவிட்டுப் பழக்கவேண்டும். முப்பது, நாற்பது அடி நீளம் போதும். முழு வேகத்தில் ஓடும் நாயைக் கழுத்தில் சுண்டி நிறுத்தினால் காயம் நேருமாகையால், கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்பைச் சுற்றிய வாரில் கட்டுவது நலம். அழைத்தால் வரவேண்டும், வராவிடில் கயிற்றை மெல்லத் தடுத்து மறுபடி அழைக்கவேண்டும். பல வாரங்கள், ஆடு கண்ட இடத்திலும், வேறு நாய் எதிர்ப்பட்ட இடத்திலும், பிள்ளைகள் பந்தாடும் இடத்திலுங்கூடக் கயிறு இறுகாமலே வருமானால், அப்பொழுது கயிற்றைக் கழற்றலாம்.

வந்த நாய்க்குக் கிடைப்பது அது விட்டுவந்ததைவிட மேலானதாய் இருக்கவேண்டும் என்பது அடுத்த விதி. வீட்டில் கிடைக்கும் அதே சோற்றுருண்டைக்காக அது ஓணானை விட்டுவிட்டு வராது. வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று மடியில் இருக்கட்டும். மேலும், வீடு திரும்பிக் கட்டுவதற்காக மாத்திரம் அழைத்தால், அழைப்பென்பது விளையாட்டின் முடிவு என்று நாய் கண்டுகொள்ளும். பத்துமுறை அழைத்தால் ஒன்பது முறை தட்டிக்கொடுத்து, தின்னக் கொடுத்து, மீண்டும் போகவிடவேண்டும்.

ஓடும் நாயின் பின்னே ஓடலாகாது. நாலு காலோடு இரண்டு கால் போட்டியிட்டு வென்றதில்லை. துரத்துவதை நாய் விளையாட்டென்றும் கொள்ளும். அதன் பெயரை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினால், பெரும்பாலான நாய்கள் திரும்பிப் பின்தொடரும். குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாலும் வரும்.

எல்லா விதிகளிலும் தலையாயது இதுவாகும்: திரும்பி வந்த நாயை ஒருபோதும் அடிக்கலாகாது. ஒரு மணி நேரம் அலைக்கழித்துவிட்டு வந்தாலும் அடிக்கலாகாது. நாம் ஓடியதற்காக அடிக்கிறோம். நாயோ வந்ததற்காக அடிபட்டதாக உணர்கிறது. அடுத்த முறை அது வராது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, வந்ததே பெரிதென்று தட்டிக்கொடுப்பவனே எஜமானன். அடியினால் பிறக்கும் கீழ்ப்படிதல் கோல் எட்டும் தூரம்வரையில்தான் நிற்கும் என்பதை, அந்நியர் ஆட்சியை அனுபவித்த நாட்டார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது மரபில்

இவை மேனாட்டிலிருந்து இறக்குமதியான நூதன முறைகள் என்று எவரும் எண்ணவேண்டாம். மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரரை இறுதிவரை பின்தொடர்ந்த நாய் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லப்பட்டதன்று. அது தானாக வந்தது. அதைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக அவர் இசையவில்லை. சித்தையன்கோட்டையில் கணிசமாக வாழும் நமது முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கத்திலும், வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள இடமுண்டு. வேட்டை நாய் 'பயிற்றப்பட்டதாக' இருக்கவேண்டும் என்பது அதில் விதி. ஏவினால் செல்லுதல், தடுத்தால் நிற்றல், பிடித்ததைத் தான் தின்னாமை என்று அதன் இலக்கணத்தை அவர்களுடைய சட்ட நூல்கள் வகுத்திருக்கின்றன. தடுத்தால் நிற்காத நாய் பயிற்சி பெற்ற நாயன்று என்ற தீர்ப்பை எம்மதத்தினரும் ஒப்புக்கொள்வர்.

ஆனால் நமது ஊர்களில் ஒரு கெட்ட வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. 'சூ'க் காட்டுதலே அது. ஓணானைக் கண்டால் சூ, பூனையைக் கண்டால் சூ, சைக்கிளில் போகிறவரைக் கண்டாலும் சூ என்று பிள்ளைகள் நாய்க்குத் துரத்தக் கற்பிக்கிறார்கள், பெரியோர் சிரிக்கிறார்கள். துரத்தக் கற்பித்த வாயே பின்னர் "வா" என்று கூவி என்ன பிரயோஜனம்? வயலில் மேயும் மயிலும் முயலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. நாயை ஏவிப் பிடித்தாலும் அது வேட்டையே, தண்டனையும் உண்டு.

எஜமானின் பொறுப்பு

எவ்வளவு பழகிய நாயையும் அவிழ்க்கத் தகாத இடங்கள் உண்டு. பஸ்ஸும் லாரியும் விரையும் சாலையோரம், பள்ளிக்கூட வாசல், ஆட்டுப்பட்டியின் அருகு, கூட்டம் கூடும் சந்தை, வெடி வெடிக்கும் நாட்கள் ஆகியவற்றில் கயிறு கையிலேயே இருக்கட்டும். வெடி நாட்களில் மாலைக்கு முன்பே உலாவிவிட்டு வந்து, கதவடைத்த அறையில் வைப்பது உத்தமம்.

கழுத்துப்பட்டையில் எஜமானின் டெலிபோன் எண்ணைப் பொறித்துவைத்தல் அவசியம். நெல்மணி அளவுள்ள மைக்ரோசிப் ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்தி அடையாளம் காணும் முறையும் இப்பொழுது உண்டு. ஆனால் அது நாய் இருக்குமிடத்தைக் காட்டாது, கிடைத்த நாய் யாருடையது என்பதையே தெரிவிக்கும். நாய் காணாமற்போனால், கடைசியாகக் கண்ட இடத்தில் எஜமானன் உடுத்திய துணியையும் சிறிது தண்ணீரையும் வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தை அமைதியாகத் தேடவேண்டும். பத்துப்பேர் கூச்சலிட்டுச் சூழ்ந்தால் மிரண்ட நாய் மேலும் மிரளும்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தொடங்கி, வருஷந்தோறும் தவறாமல் போடவேண்டும். பாஸ்டர் 1885-இல் அந்நோய்க்கு ஊசி கண்டார். நமது குன்னூரிலேயே 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருந்து வருகிறது. அங்ஙனமிருக்க, இன்றும் இந்நாட்டில் வெறிநாய்க்கடியால் உயிர்கள் போவது நமக்குப் பெருமை தருவதன்று. கடிபட்டவர் மந்திரிப்பதற்கு ஓடாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்வாராக. தம் வசமுள்ள மிருகத்தினால் பிறர்க்கு அபாயம் நேராதபடி ஜாக்கிரதை செய்யாதவர்களுக்கு, 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது.

ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பங்குண்டு. சென்னையில் புளூ கிராஸ் ஸ்தாபனம் 1964 முதல் செய்துவந்த கருத்தடை முறையை, சென்னைக் கார்ப்பொரேஷன் 1996-இல்தான் கொல்லும் முறைக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டது. 2023-ஆம் வருஷத்து விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்கள் மீதே சுமத்துகின்றன. சித்தையன்கோட்டை போன்ற பேரூராட்சிகள் வருஷத்திற்கு ஒருமுறையேனும் மிருக வைத்தியரைக் கொண்டு முகாம் நடத்தி, வீட்டு நாய்களுக்கும் ஊசி போட்டுப் பதிவு செய்தால் பாதி ஆபத்து நீங்கும். மற்றப் பாதி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கிறது.

சுதந்திரம் வேண்டுமென்று நாம் நெடுங்காலம் கேட்டோம். அது கட்டுப்பாட்டோடு கூடியதென்பதை நமது தலைவர்கள் அன்றே சொன்னார்கள். நாய்க்கும் சுதந்திரம் வேண்டும். ஓடி ஆடாத நாய் நோயாளியாகும், அல்லது மூர்க்கனாகும். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு வேண்டிய கட்டுப்பாட்டை நாய் தானே கற்றுக்கொள்ளாது. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி நாம் கற்பிக்கவேண்டும். அவ்வரைமணி நேரம் தர இயலாதவர்கள் நாய் வளர்க்காதிருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம். தர இயன்றவர்கள் இன்றைக்கே ஒரு நீளக் கயிற்றோடும் ஒரு கைப்பிடித் தீனியோடும் களத்துமேட்டுக்குச் செல்வார்களாக.